எல்லாத்துக்கும் ஒரே துப்பாக்கி

ராய் டக்கர் தன் வேட்டைக் கும்பலோடு வரச் சொன்னபோது கிட்டுசாமி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கையில் இருந்த காபி சட்டையில் சிந்தியதைக்கூட அப்புறம்தான் பார்த்தான்.

ரிச்சர்ட்ஸனில் டெலிபோன் சுவிட்ச் தயாரிக்கிற கம்பெனி அது. ராய் அங்கே டைரக்டர். மீசை, பூட்ஸ், பெல்ட்டில் சோற்றுத் தட்டு அகலத்துக்கு ஒரு பக்கிள். டெக்ஸஸில் பிறந்து டெக்ஸஸிலேயே சாகப்போவதாகச் சத்தியம் செய்திருந்த மனுஷர். வருஷா வருஷம் ஜனவரியில், ஆபிலீனுக்கு அந்தப் பக்கம் குத்தகைக்கு எடுத்து வைத்திருக்கும் நிலத்துக்கு ஆபீஸிலிருந்து ரெண்டு மூன்று பேரைக் கூட்டிப்போவார். போய் வந்தவர்களுக்கெல்லாம் சீக்கிரமே பதவி உயர்ந்தது என்று ஒரு பேச்சு. பதவி உயரப்போகிறவர்களாகப் பார்த்துத்தான் கூப்பிட்டாரா என்று யாரும் ஆராய்ந்ததில்லை.

"ஜனவரியில பாப்வொயிட் சுடப் போறோம், கிட். நீயும் வா. ஒய்ஃபையும் கூட்டிட்டு வா," என்றார் ராய், காபி மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு. கிட்டுசாமி என்கிற முழுப் பேரை அவர் நாக்கு ஒரு தடவை முயன்று பார்த்துவிட்டு விட்டுவிட்டது.

"ஷ்யூர், ராய்."

"துப்பாக்கி இருக்கா?"

"வாங்கிடறேன்."

"ஒண்ணே ஒண்ணு வாங்கு. செமி ஆட்டோமேட்டிக். இப்ப மண் தட்டு சுட்டுப் பழகவும் அதுதான், குளிர்காலத்துல பறவைக்கும் அதுதான். ரெண்டு வாங்கினா எப்பவும் தப்பானதுதான் கையில இருக்கும்."

இது 1999 ஆகஸ்டில் நடந்தது. காங்கேயத்துக்காரனான கிட்டுசாமிக்கு அப்போது முப்பத்தாறு வயது. கிரீன் கார்டு வந்து நாலு மாசம் ஆகியிருந்தது. அதுவரைக்கும் அவன் சுட்டிருந்த ஒரே ஆயுதம், தீபாவளிக்கு ரோல் கேப் போட்டு வெடிக்கிற தகரத் துப்பாக்கி.

வீட்டுக்குப் போய் மரகதத்திடம் சொன்னான். அவள் அடுப்பிலிருந்து திரும்பாமலேயே கேட்டாள்.

"எதுக்குங்க துப்பாக்கி? யாரு மேல கோவம்?"

"யாரு மேலயும் இல்ல. ஷாட்கன். மண்ணுல செஞ்ச தட்டை மிஷின் வானத்துல வீசும். நாம சுடோணும். குண்டு இல்ல, ரவை. ஒரு பிடி ரவை ஒண்ணாப் பறந்து போயி அடிக்கும்."

"ரவையா? உப்புமா ரவையா?"

"ஈய ரவை."

"அதான பாத்தன். உப்புமா ரவையில அடிச்சா நம்ம வீட்டுக்கு வர்ற ஒறம்பரைச் சனமே பாதி செத்திருப்பாங்களே," என்று சொல்லிவிட்டுத் தாளித்தாள்.

கிட்டுசாமி எதை வாங்கினாலும் வாஞ்சிநாதனைக் கேட்காமல் வாங்கமாட்டான். வாஞ்சி அவன் காலேஜ் ரூம்மேட், இப்போது கலிபோர்னியாவில், சன்னிவேலில் சாஃப்ட்வேர். தென்காசிப் பக்கம், வெங்காயம் பூண்டுகூட யோசித்துச் சேர்க்கிற குடும்பம். வாஞ்சிநாதன் என்று பேர் வைத்துக்கொண்டு ஊசிப் பட்டாசைக்கூட ஊதுவத்தியை நீட்டிப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு பற்ற வைக்கிற ஆசாமி. ஆனால் இன்டர்நெட்டில் துப்பாக்கி நியூஸ்குரூப் ஒன்று விடாமல் படித்து, பதிலும் எழுதிக்கொண்டிருந்தான். மொன்டானாவில் கரடி வேட்டையாடுகிறவர்கள் அவனிடம் சந்தேகம் கேட்டார்கள். அவனும் சொன்னான்.

"டேய் கிட்டு, முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோ," என்றான் போனில். "செமி ஆட்டோமேட்டிக்ல ரெண்டு ஜாதி."

"இங்கயுமாடா?"

"கேளு. ஒண்ணு கேஸ். தோட்டா வெடிக்கறச்சே வர்ற புகையில கொஞ்சத்தை எடுத்துண்டு, அந்த வேகத்துலயே காலி தோட்டாவை வெளியில தள்ளி அடுத்ததை ஏத்திக்கும். தோள்ல இடி கம்மி. ஆனா உள்ள பூரா கரி. இன்னொண்ணு இனர்ஷியா. இடிக்கற இடியையே ஸ்பிரிங்ல வாங்கிண்டு அதை வெச்சு வேலை செய்யும். சுத்தம், லேசு. தோள் மட்டும் உன்னுது."

"எதை வாங்கறது?"

"இனர்ஷியாதான். வேட்டைன்னா நாள் பூரா தூக்கிண்டு நடக்கணுமோன்னோ?"

"நீ தூக்கிட்டு நடந்திருக்கயா?"

"தியரி தெரியும்டா."

"செரி, பாப்வொயிட்னா என்ன பறவைடா?"

வாஞ்சி ஒரு கணம் யோசித்தான். தெரியாது என்று சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை. "பேர்லயே ஒயிட் இருக்கே. கொக்கு ஜாதியாத்தான் இருக்கும்."

கிட்டுசாமிக்கு அது போதுமாக இருந்தது. கேள்வி துப்பாக்கியைப் பற்றியது. பறவை ஒரு உபரித் தகவல்.

டாலஸுக்கு வடக்கே மண் தட்டு சுடுகிற மைதானம் ஒன்று இருந்தது. வாடகைக்குத் துப்பாக்கியும் கொடுப்பார்கள். ஒரு சனிக்கிழமை மரகதத்தையும் கூட்டிக்கொண்டு போனான். இனர்ஷியா ஒன்று, கேஸ் ஒன்று, ரெண்டையும் சுட்டுப் பார்த்துவிடுவது என்று திட்டம்.

தட்டு வர வேண்டுமென்றால், இழு என்கிற அர்த்தத்தில், இங்கிலீஷில் "புல்" என்று கத்த வேண்டும். கத்தினால் பக்கத்தில் நிற்கிற பையன் பட்டனை அமுக்குவான், ஆரஞ்சு நிறத் தட்டு ஒன்று விர்ரென்று குறுக்கே போகும். கிட்டுசாமி இனர்ஷியா துப்பாக்கியோடு இருபத்தைந்து தடவை கத்தினான். இருபத்தைந்து தட்டும் நல்லபடியாகத் தரையிறங்கின. கடைசித் தட்டு புல்லில் உட்கார்ந்து ஒரு சுற்று சுற்றி நின்றதைப் பார்த்து மரகதம், "அதை எடுத்துட்டு வந்து மறுக்கா வீசலாமுங்களா? ஒண்ணும் ஆகலியே?" என்று கேட்டாள்.

பிறகு அவள் வாங்கிச் சுட்டாள். "புல்!" என்று கத்திவிட்டு அவளே சிரித்துவிட்டாள். "மாட்டுக்குப் போடச் சொல்றாப்பல இருக்குதுங்க." அவளும் எதையும் அடிக்கவில்லை. ஆனால் மூன்றாவது தோட்டாவோடு துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தோளைத் தேய்த்துக்கொண்டு, கேஸ் துப்பாக்கி எங்கே என்று கேட்டாள். அதில் ஏழெட்டுச் சுட்டாள். ஒரு தட்டின் ஓரம் சிதறியது. மைதானத்துக்காரன் கை தட்டினான். கிட்டுசாமி தட்டவில்லை.

அன்றைக்குக் குளித்துவிட்டுக் கண்ணாடியில் பார்த்தால் தோள் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது. மரகதம் ஒத்தடம் கொடுத்தபடியே விஷயத்தை முடித்துவைத்தாள்.

"ஏனுங்க, அந்தக் கேஸுங்கறது கிரைண்டர். மாவு மெத்துனு ஆட்டித் தந்துரும், ஆட்டுன பொறவு பிரிச்சுக் கழுவோணும். இன்னொண்ணு அம்மி. கழுவறது சுலபம், தோள்பட்டை போயிரும். அப்படித்தானுங்க?"

"அப்படித்தான்."

"கிரைண்டரை வாங்குங்க. கழுவறது நீங்க."

வாஞ்சிக்கு இதைச் சொன்னபோது, அம்மி உதாரணம் இன்ஜினியரிங் ரீதியாகச் சரியில்லை என்று அரை மணி நேரம் வாதாடினான். தோள் அவனுடையதில்லை.

கடையில் துப்பாக்கிகளைச் சுவர் நீளத்துக்கு நிற்க வைத்திருந்தார்கள். சூயிங்கம் மென்றுகொண்டிருந்த கடைக்காரன், "என்ன சுடப்போறீங்க?" என்றான்.

"மண் தட்டு. அப்புறம் பறவை."

"என்ன பறவை?"

"பறவை," என்றான் கிட்டுசாமி கொஞ்சம் கண்டிப்பாக. இந்த ஊரில் ஒருவனும் பறவையை விடமாட்டான் போலிருக்கிறதே என்று எரிச்சலாக இருந்தது. கடைக்காரன் தோளைக் குலுக்கிவிட்டு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான்.

இருபது கேஜா பன்னிரண்டு கேஜா என்பதில் முதல் அரை மணி போனது. கேஜ் என்பது குழாய் வாயின் அளவு, எண் குறையக் குறைய வாய் பெரிது. இருபது லேசானது, கையில் பூ மாதிரி இருந்தது. பன்னிரண்டில் ரவை அதிகம், தோட்டா எந்தக் கடையிலும் கிடைக்கும், இடி குறைந்த தோட்டாவும் கிடைக்கும். பன்னிரண்டு. குழாய் நீளம் அடுத்தது. முப்பது அங்குலம் தட்டுக்கு நிதானமாகத் திரும்பும், ஆனால் முள்காட்டில் தூக்கி நடந்தால் கிளைக்குக் கிளை கும்பிடு போட வேண்டும். இருபத்தாறு சட்டென்று திரும்பும், அடக்கமில்லை. நடுவே இருபத்தெட்டு. குழாயின் முனையில் திருகிப் போட மூன்று மூடிகள் கொடுத்தான். தோட்டத்து ஹோஸின் முனையைத் திருகுகிற மாதிரிதான். ஒன்று போட்டால் ரவை அகலமாக விரியும், இன்னொன்று போட்டால் குறுகலாகத் தூரம் போகும்.

"எல்லாம் சரிதான். உனக்கு ஒத்துக்குதான்னு பாக்கணும்," என்றான் கடைக்காரன். "கண்ணை மூடு. தோள்ல வெச்சுக் கன்னத்தைச் சாய். இப்பக் கண்ணைத் திற. குழாய் நீ பாக்கற பக்கம் நேரா இருக்கா?"

முதல் துப்பாக்கி கூரையைப் பார்த்தது. ரெண்டாவது, சுவரில் மாட்டியிருந்த மான் தலையின் காதைப் பார்த்தது. கிட்டுசாமிக்குக் குட்டையான கை. டெக்ஸஸ் ஆட்களின் நீளக் கைக்குச் செய்த, தோளில் பதிகிற மரக்கட்டையெல்லாம் அவன் அக்குளில் மாட்டிக்கொண்டது. எட்டாவது துப்பாக்கி வரைக்கும் மரகதம் பொறுத்தாள்.

"நாங்க சீலை எடுக்க அரை நாள் நின்னா அந்தக் கத்து கத்துவீங்க."

"இது வேற, மரகதம். உடம்புக்கு ஒத்துக்கோணும்."

"சீலை என்ன சோபாவுக்கா கட்டறோம்?"

ஒன்பதாவது, இத்தாலியில் செய்த வால்நட் கட்டை போட்ட ஒன்று, கண்ணைத் திறந்தபோது எங்கே பார்த்தானோ அங்கேயே நேராக இருந்தது. கட்டையும் கொஞ்சம் குட்டை. கிட்டுசாமிக்கு உடம்பு சிலிர்த்தது. மரகதமும் வாங்கித் தோளில் வைத்துப் பார்த்தாள், தலையசைத்தாள். வேட்டை லைசென்ஸ் கவுன்டரில் இருந்தவன் "ரெண்டு பேருக்குமா?" என்று கேட்டபோது, கிட்டுசாமி வாயைத் திறக்கும் முன்னாலேயே "ஆமா," என்றாள்.

செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை அவன் ஒரு வாரம் விடவில்லை. முதலில் ஒரு தட்டு உடைந்தது. வானத்தில் சட்டென்று கறுப்புப் புகையாகச் சிதறி ஒன்றுமில்லாமல் போனது. அதைப் பார்த்தபோது அவனுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை, பாவம், கல்யாண ஆல்பத்தில் தேடினாலும் காணமுடியாது. பறக்கிற தட்டைச் சுடக்கூடாது, அது போகப்போகிற இடத்தைச் சுட வேண்டும் என்பது கைக்குப் புரிந்த பிறகு பத்தானது, பதினைந்தானது. ஒரு தடவை கழுவச் சோம்பல்பட்டு விட்டுவிட்டான். அடுத்த வாரம் துப்பாக்கி நடுவில் நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஊதுகுழல் மாதிரிக் கரி. அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலறை மேஜையில் செய்தித்தாளை விரித்துப் பூஜைச் சாமான் துலக்குகிற பக்தியோடு துலக்கினான். சாம்பாரில் எண்ணெய் வாடை அடிக்கிறது என்று மரகதம் கத்தினாள். அவளும் மாசத்துக்கு ஒரு தடவை வந்து, எட்டோ ஒன்பதோ உடைத்துவிட்டுப் போவாள்.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பினார்கள். பத்து வயது மகள் தென்றலை மரகதத்தின் சிநேகிதி வசந்தாமணி ஆன்ட்டி வீட்டில் விட்டார்கள். ஆரஞ்சு நிற வேட்டைச் சட்டையோடு காரிலிருந்து இறங்கிய அப்பாவை அவள் மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்பா, யூ லுக் லைக் எ டிராஃபிக் கோன்."

"பாத்துப் பேசு கண்ணு. லோடட்."

ராயின் நிலம் முழுக்க முள். கிட்டத்தில் போய்ப் பார்த்த மரகதம் அசந்துபோனாள். நம் ஊரில் ரயில் தண்டவாளத்து ஓரமெல்லாம் மண்டிக்கிடக்கிற சீமைக்கருவேலின் சொந்த பந்தம்.

"இதுக்கா அமெரிக்கா வந்தோம்?" என்றாள்.

மறுநாள் காலையில் ஐந்து பேர் நடந்தார்கள். ராய், ஹார்டுவேர் பிரிவிலிருந்து கென், அவன் மச்சான் ஒருத்தன், கிட்டுசாமி, மரகதம். மரகதம் சுடிதாருக்கு மேல் ஆரஞ்சுச் சட்டை போட்டிருந்தாள். முன்னால் ராயின் நாய் பெல் மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு ஓடியது. திடீரென்று ஒரு முள்புதருக்கு முன்னால் ஒரு காலைத் தூக்கியபடி சிலையாக நின்றது.

"உள்ள இருக்கு," என்றார் ராய். "மெதுவா வாங்க."

கிட்டுசாமி கொக்கை எதிர்பார்த்துத் துப்பாக்கியை உயரமாகப் பிடித்தான். கால் பக்கத்திலிருந்து மோட்டார் ஸ்டார்ட் ஆன மாதிரி ஒரு இரைச்சல். பழுப்பு நிறத்தில் பத்துப் பதினைந்து உருண்டைகள் நாலா பக்கமும் தெறித்தன. கிட்டுசாமி துப்பாக்கியைக் கீழே இறக்குவதற்குள் ராய் ரெண்டு தடவை சுட்டிருந்தார். பெல் ஓடிப்போய் ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்தது. ராய் அதை வாங்கிக் கிட்டுசாமியின் உள்ளங்கையில் வைத்தார்.

"இதுதான் பாப்வொயிட். அழகு, இல்ல?"

கையில் இருந்தது காடை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கிட்டுசாமியின் ஆட்களுக்குக் கூட்டம் என்று உண்டு. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பேர். ஒரே கூட்டத்துக்குள் பெண் எடுக்கமாட்டார்கள், எல்லாரும் பங்காளிகள். கிட்டுசாமி காடைக் கூட்டம். அவன் வீட்டில் ஆடு தின்பார்கள், கோழி தின்பார்கள், முயல் கிடைத்தால் அதையும் விடமாட்டார்கள். காடையை மட்டும் தொடமாட்டார்கள். சந்தையில் கூண்டோடு காடை விற்கிறவன் அவர்கள் வாசலில் நின்று கூவினால் விரட்டிவிடுவார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் ஆளுக்கொரு கதை சொல்லியிருப்பார்கள்.

கிட்டுசாமிக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. குலதெய்வக் கோயிலுக்குப் போய் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. ஃபார்மில் மதம் என்று கேட்டால் கோடு போடுகிறவன். இருந்தும் அந்தச் சின்ன உடம்பு கையில் சூடாக, கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து, மார்பில் புள்ளி புள்ளியாகக் கிடந்தபோது அவனால் அதை வைத்துக்கொண்டு நிற்க முடியவில்லை. பதறிப்போய்ப் பறவையைக் கென்னிடம் கொடுத்துவிட்டுக் கையைப் பேன்ட்டில் துடைத்தான்.

அடுத்த தடவை பெல் நின்றபோது ராய் கையைக் காட்டினார். "கிட், உன் முறை."

பறவைகள் கிளம்பின. கிட்டுசாமி ஒரு மேகத்தைச் சுட்டான். அதற்கடுத்த தடவை வேறொரு மேகம். வேண்டுமென்றே தவறவிடுவது அத்தனை சுலபமில்லை என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. நாலு மாசம் பழகிய கை, அவனைக் கேட்காமலே பறவையின் பின்னால் போய், முன்னால் போய், போகப்போகிற இடத்துக்கு வந்து நின்றது. அதைப் பிடித்து இழுத்து மேலே தூக்க வேண்டியிருந்தது. ஒரு தடவை இழுப்பதற்குள் விரல் அமுங்கிவிட்டது. ஒற்றை இறகு ஆடி ஆடிக் கீழே வந்தது. பறவை போய்விட்டது.

"ரொம்பக் கிட்டத்துல போச்சு!" என்று ராய் முதுகில் தட்டினார். "அடுத்தது விழும்!"

விழவில்லை. பெல்தான் அவனை முதலில் புரிந்துகொண்டது. தேடுவது, கண்டுபிடிப்பது, மூச்சு விடாமல் நிற்பது என்று தன் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டு, வெடிச் சத்தம் கேட்டதும் ஆசையாக ஓடிப்போய் ஒன்றுமில்லாமல் திரும்பி வந்து அவன் முகத்தைப் பார்த்தது. நாலாவது தடவைக்கு மேல் அது அவன் பக்கமே வரவில்லை. கென்னோடு சேர்ந்துகொண்டது.

மத்தியானம் டிரக்கின் பின்கதவை இறக்கி சாண்ட்விச் சாப்பிட்டபோது விசாரணை தொடங்கியது. ஆளைக் குற்றம் சொல்ல யாருக்கும் மனசில்லை. ஆகவே துப்பாக்கி.

"குழாய் நீளம்," என்றான் கென். "இருபத்தாறு வாங்கியிருக்கணும்."

"மூடி," என்றான் மச்சான். "ரவை குறுகலாப் போகுது." கிட்டுசாமியைக் கேட்காமலே மூடியைத் திருகிக் கழற்றி அகலமானதைப் போட்டான்.

"பன்னிரண்டு இவனுக்குப் பெரிசு. இருபது இருந்தா..."

"கேஸ் துப்பாக்கியே எனக்குப் பிடிக்காது. முன்பக்கம் கனம். தலையை ஆட்டும்."

ராய் மட்டும் ஒன்றும் சொல்லாமல் மீசையில் ஒட்டிய ரொட்டியைத் தட்டினார். கிட்டுசாமி குனிந்து உட்கார்ந்திருந்தான். ஒன்பது துப்பாக்கியைக் கண்ணை மூடித் தோளில் வைத்துத் தேடிப்பிடித்த துப்பாக்கி, செய்யாத குற்றத்துக்கு ஊர்ப் பஞ்சாயத்தில் நின்றுகொண்டிருந்தது.

மரகதம் அவனை டிரக்குக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போனாள்.

"என்னத்தைச் சுடறீங்க? மேல யாரு இருக்கா?"

"மரகதம், அது காடை."

"தெரியுது. கண்ணு இல்லியா எனக்கு?"

"நான் காடைக் கூட்டம்."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

"ஏனுங்க, ஆபீஸ் பார்ட்டியில தட்டு நெறைய மாட்டுக்கறி வெச்சுத் தின்னீங்களே. அப்ப எங்க போச்சு உங்க கூட்டம்?"

"மாட்டுக் கூட்டம்னு ஒண்ணு இல்லியே," என்றான் கிட்டுசாமி. சொன்னபோது அவன் முகத்தில் துளி சிரிப்பில்லை. மரகதத்துக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. இது விளையாட்டில்லை என்று அவளுக்குப் பட்டது.

"செரி. போயி அவீங்ககிட்டச் சொல்லுங்க."

"என்னன்னு சொல்றது? டைரக்டர்கிட்டப் போயி, நானு காடைங்கன்னா?"

"அப்பத் துப்பாக்கியைக் குடுங்க. அது மேல எதுக்குப் பழி?"

"நீயும் காடைதானே. கல்யாணம் ஆனாப் புருஷன் கூட்டந்தான்."

"நானு ஆந்தைக் கூட்டத்துப் பொண்ணு. தாலி கட்டறப்ப காடையைப் பத்தி யாரும் எங்கிட்டச் சத்தியம் வாங்கல," என்று துப்பாக்கியை வாங்கிக்கொண்டு நடந்தாள்.

மத்தியான வேட்டையில் மரகதம் சுட்டாள். முதலில் பெல் நின்ற இடத்தில் ரெண்டு தோட்டாவும் வீண். கென் அர்த்தத்தோடு மச்சானைப் பார்த்தான். அடுத்த புதரில் கிளம்பிய கூட்டத்திலிருந்து ஒன்று இடப்பக்கம் பிரிந்தது. மரகதம் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிச் சுட்டாள். பறவை மடங்கி விழுந்தது. "வந்துருச்சு!" என்று கத்தியவள், அடுத்த கணமே புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். கிட்டுசாமி தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ராய் வாய் திறந்தார்.

"துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு. இப்பச் சொல்லு கிட். காலையிலிருந்து நீ வானத்தைச் சுடறதை நான் பாக்கலைன்னு நெனச்சியா?"

கிட்டுசாமி சொன்னான். கூட்டம் என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று தேடி, கிளான் என்றான், அது இந்த ஊர் வெள்ளை நிறவெறிக் கும்பலின் பேர் மாதிரி ஒலித்ததால் பதறி, ஃபேமிலி என்றான். எங்கள் ஃபேமிலிப் பேரே காடை, நாங்கள் அதைக் கொல்வதில்லை, எனக்கு இதில் நம்பிக்கை இல்லை, ஆனால் முடியவில்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, பதவி உயர்வுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டான்.

கென் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டான்.

"ஆகஸ்டிலிருந்து என் ஆபீஸில ஒரு ஆள் விடாம நிறுத்தித் துப்பாக்கியைப் பத்திக் கேட்டே," என்றார் ராய் மெதுவாக. "பறவை என்னன்னு ஒருத்தர்கிட்டயாவது கேட்டியா?"

"கேட்டேன். கலிபோர்னியாவுல."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"வெள்ளைக் கொக்குன்னாங்க."

ராய் குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பெல் பயந்து குரைத்தது. "கொக்கைச் சுட்டா ஜெயில்டா!" என்று நடுநடுவே சொன்னார். "ஃபெடரல் ஜெயில்! அதுக்குத் தயாரா வந்திருக்கான்! குடும்பத்தோட!" கென்னும் மச்சானும் சேர்ந்துகொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் கிட்டுசாமிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்து முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, ராய் அவன் தோளில் கையைப் போட்டார். "முதல்லயே சொல்லியிருக்கலாமே. நாயைக் கூட்டிட்டு நடக்க எனக்கு எப்பவும் ஒரு ஆள் வேணும்."

அப்படியாகக் கிட்டுசாமி மீதி நாள் பெல்லோடு நடந்தான். பெல் அவனை மன்னித்ததாகத் தெரியவில்லை. ஆனால் அவன் பாக்கெட்டில் இருந்த முறுக்குக்காகப் பொறுத்துக்கொண்டது.

அன்றைக்கு ராய் இரும்புச் சட்டியில் மாவு பிரட்டிக் காடை பொரித்தார். மரகதம் மூன்று தின்றாள். நாலாவதுக்குக் கை நீட்டி, புருஷன் உருளைக்கிழங்கு மசியலைக் கரண்டியால் கிண்டிக்கொண்டு மூக்கை விரித்து மோந்துகொண்டிருப்பதைப் பார்த்து, கையை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காரில் திரும்பும்போது ஆபிலீனைத் தாண்டினார்கள். பின்சீட்டில் துப்பாக்கி அதன் உறைக்குள் படுத்திருந்தது.

"நெசமாலுமே என்ன ஆச்சுங்க உங்களுக்கு?" என்றாள் மரகதம்.

கிட்டுசாமி ரோட்டைப் பார்த்தபடியே ஓட்டினான். "தெரீல. எங்கப்பன் சொன்னாரு, தாத்தன் சொன்னாருன்னெல்லாம் ஒண்ணும் தோணல. கையில வெச்சான் பாரு, இன்னும் சூடா இருந்துச்சு. எங்க ஆளுக ஒருத்தனைக் கையில குடுத்த மாதிரி இருந்துச்சு. அவ்வளவுதான்."

அவள் ஹீட்டரைக் கொஞ்சம் குறைத்தாள். முள்காடு முடிந்து பெட்ரோல் பங்க்குகள் வர ஆரம்பித்தன.

"நேத்து ராத்திரி ராய் வீட்டுக்காரம்மா போன்ல பேசுனாங்க," என்றாள் பிறகு. "செப்டம்பர்ல புறா சீசனாம். என்னைய வரச் சொல்லியிருக்காங்க. அந்தக் கட்டை எனக்கு இன்னும் அரை அங்குலம் கொறைக்கோணும்."

"நான் வாங்குன துப்பாக்கி அது."

"நீங்கதான் நாய் மேய்க்கப் போறீங்களே." கூடவே சொன்னாள்: "உங்க பக்கத்துல, எங்க பக்கத்துல, சம்பந்தம் பண்ணுன பக்கத்துல புறாக் கூட்டம்னு யாராச்சும் இருந்தா இப்பவே சொல்லிப்போடுங்க. நடுக்காட்டுல வந்து சொல்லாதீங்க."

கிட்டுசாமி சிரிக்கத்தான் நினைத்தான். ஆனால் தாராபுரத்துச் சின்ன மாமனாரின் தம்பி குடும்பம் என்ன கூட்டம் என்பது அவனுக்குச் சட்டென்று ஞாபகம் வரவில்லை. ஃபோர்ட் வொர்த் வருகிற வரைக்கும் அதையே யோசித்துக்கொண்டு ஓட்டினான்.